அட்டை போட்ட மெத்தை

காலை எட்டே முக்காலுக்கு விளாங்குடி ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பெர்சிக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தூக்கம். சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் ஒரு நாலு மணி நேரம் அசந்து தூங்கிவிட்டால் போதும். வருகிற வழியில் ரோட்டோரக் குகையில் மாதா நிற்கிற கெபி முன்னால் நின்று அதை வேண்டிக்கொண்டும் வந்திருந்தாள். ஊரில் எல்லாரும் மாதாவிடம் வீடு கேட்பார்கள், பிள்ளை கேட்பார்கள். இவள் நாலு மணி நேரம் கேட்டாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவளுக்கு நைட் டூட்டி தொடங்கி ஆறு நாள். இந்த ஆறு நாளில் பகலில் அவள் கண்ணயர்ந்த நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஒரு நல்ல ராத்திரிக்குக் காணாது. தூங்காவிட்டால் என்ன, உடம்பு நாலு நாளில் பழகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தாள். முந்தாநாள் ராத்திரிக்குப் பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

அவள் வேலை பார்ப்பது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில். இருபத்திரண்டு கட்டிலுக்கு ராத்திரியில் நர்ஸ் அவள் ஒருத்திதான். ஏழாம் நம்பர் கட்டிலில் ராமக்காள் என்று ஒரு பெரியவள். அலங்காநல்லூர்ப் பக்கம். மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, பெர்சி நைட் டூட்டியில் ஏறிய முதல் ராத்திரியில்தான் வார்டுக்கு வந்தாள். கட்டிலை விரித்துப் படுக்க வைத்ததும் பெர்சிதான். அன்றிலிருந்து ராத்திரியானால் ராமக்காளுக்கு இருப்புக் கொள்ளாது. புரளப் பார்ப்பாள், அனத்துவாள். "சுடுது தாயி, கீழ சுடுது" என்று ஒரே புலம்பல். வயசானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு புத்தி கொஞ்சம் தடுமாறும் என்று சொன்ன டாக்டர், ரொம்பப் படுத்தினால் தூக்க ஊசியில் பாதி, ராத்திரிக்கு ஒரு தடவை மட்டும் என்று எழுதி வைத்திருந்தார்.

முந்தாநாள் ஒரு மணிக்குப் பெர்சி அந்தப் பாதியைப் போட்டாள். ஒன்றே முக்காலுக்கு இன்னொரு பாதியை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய் அதே கட்டில் பக்கம் நின்றாள். முதலில் போட்டது சுத்தமாக நினைவில் இல்லை. கட்டிலடியில் படுத்திருந்த ராமக்காளின் மருமகள் பாண்டிச்செல்வி எழுந்து உட்கார்ந்து, "இப்பத்தான சிஸ்டர் போட்டுட்டுப் போனீங்க" என்று கேட்டிராவிட்டால் ஊசி ஏறியிருக்கும். எழுபத்து நாலு வயசு உடம்பு அது. மூச்சு நின்றாலும் நின்றிருக்கும்.

"இது வேற ஊசிக்கா. கட்டில் மாறி வந்துட்டேன்" என்று வாயில் வந்த பொய்யைச் சொல்லிவிட்டுப் பெர்சி மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எடுத்த மருந்தை வாஷ்பேசினில் கொட்டினாள். காலையில் சூப்பரின்டெண்ட் அறை வாசலில் போய் நின்று, டூட்டியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். ஊசி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. "நாலு பேரு கல்யாணம், வளகாப்புன்னு லீவுல போயாச்சு. நீயும் மாட்டேன்னா நான் வந்து வார்டுல நிக்கவா?" என்று அந்த அம்மா கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

இன்று ராத்திரியும் அதே வார்டு, அதே கட்டில், அதே ஊசி. போடப்போகிற கை மட்டும் தூங்கி எழுந்த கையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்றைக்குப் பாண்டிச்செல்வி விழித்திருக்க வேண்டும், வேறு வழியில்லை.

வீடு மாடியில். கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே இவர்கள், அதற்கும் மேலே மொட்டை மாடி. காலையில் விழுகிற வெயிலைத் தளம் பொழுது சாய்கிற வரைக்கும் வாங்கி வைத்துக்கொண்டு கீழே இறக்கும். பெர்சி படியேறி வந்தபோது அவள் கணவன் ஸ்டீபன் ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தான். காலேஜ் ஆபீஸில் கிளார்க். மாமியார் சூசையம்மாள் இட்லியைத் தட்டில் வைத்தாள்.

"ரெண்ட வாயில போட்டுட்டுப் படுத்துக்கத்தா. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு."

பெர்சி நின்றுகொண்டே இரண்டை விழுங்கினாள். கையைக் கழுவும்போது மேலே சுற்றிய ஃபேன் மெதுவாகி நின்றது. ஸ்டீபன் வாசலில் செருப்பை மாட்டியபடி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மாசாந்திரப் பராமரிப்பு. ஒம்பதுலேர்ந்து அஞ்சு வரைக்கும் கரண்ட் இருக்காது. நேத்தே மெசேஜ் வந்துச்சு, சொல்ல மறந்துட்டேன்."

சண்டை போடத் தெம்பு வேண்டுமே. அவனுக்கென்ன, ஆபீஸில் ஜெனரேட்டர் இருக்கிறது. மாதம் முழுக்க இருக்கிற நாட்களில் கரண்டை நிறுத்துவதற்கு இன்றைக்குத்தான் வாய்த்தது என்று நினைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்த அறை பத்துக்குப் பத்து. அதில் ஆறடிக்கு ஆறரை அடியில் கட்டில், கண்ணாடி வைத்த பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள். எல்லாம் அவள் வீட்டுச் சீர். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நகர்ந்து போகலாம், அவ்வளவுதான். இத்தனைக்கும் நடுநாயகமாகக் கட்டில் மேல் கிடந்தது எட்டு அங்குல மெமரி ஃபோம் மெத்தை.

அந்த மெத்தையை வாங்கியது அவள் அப்பா சவரியப்பன். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆகித் திருநகரில் இருக்கிறார். மகள் ராத்திரி பகலாக நின்று வேலை பார்க்கிறவள், படுக்கும்போதாவது முதுகு சுகப்படட்டும் என்று மூன்று கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தார். கடையில் மெத்தையைக் கையால் அழுத்தி எடுத்து, பள்ளம் மெதுவாக மேலே எழும்பி வருவதைக் காட்டி, "பாத்தியாம்மா, ஒன் ஒடம்ப அது ஞாபகம் வச்சுக்கிடும்" என்று கடைக்காரரைவிடப் பெருமையாகச் சொன்னார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மகளைப் பார்க்க வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற முதல் கேள்வி, "மெத்தை எப்படிம்மா இருக்கு?" பெர்சியும் ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல், "நல்லாருக்குப்பா" என்பாள்.

கல்யாணம் ஜனவரியில். மதுரைக்குக் குளிர் என்று ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அந்த இரண்டு வாரமும் மெத்தை உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தது. மாசி கடைசியில் அதன் சுயரூபம் தெரிந்தது. படுத்தால் உடம்பு உள்ளே அமுங்கும். அமுங்கின இடத்தில் உடம்புச் சூடு போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். பங்குனி பிறந்ததும் ஸ்டீபன் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலில் பாய்க்குப் போய்விட்டான். புது மாப்பிள்ளை ஹாலில் படுப்பதைக் கண்ட சூசையம்மாள் ஒரு வாரம் கூடுதலாக ஒரு செபமாலை சொன்னாள். பிறகு விஷயம் வெறும் வெக்கைதான் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டாள்.

பெர்சியும் ஹாலுக்குப் போகலாம்தான். ஆனால் அவள் தூங்க வேண்டியது பகலில். பகலில் அந்த ஹால் ஊருக்குச் சொந்தம். சிலிண்டர் போடுகிறவர் வருவார், வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டார் பற்றிப் பேச வருவார், வீடு வீடாகச் செபம் சொல்லப் போகிற அன்பியக் கூட்டத்துப் பெண்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். அவர்கள் நடுவில் மருமகள் காலை நீட்டிக் கிடக்க முடியுமா? முதல் நாள் கிடந்து பார்த்தாள். "ஒடம்பு சரியில்லையா, விசேஷமா?" என்று இரண்டு பேர் சூசையம்மாளிடம் குசுகுசுத்தது காதில் விழுந்தது.

ஆகவே அந்த அறைதான், அந்த மெத்தைதான். நைட்டிக்கு மாறி, ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டு, மாதாவுக்கு ஒரு வார்த்தை ஞாபகப்படுத்திவிட்டுப் படுத்தாள். பத்து நிமிஷத்தில் முதுகு நனைந்தது. வலப்பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தேவலை போலிருந்து அதுவும் சூடேறியது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருண்டு உருண்டு, ஆறடியையும் சூடாக்கி முடித்தபோது மணி பத்து. கண் எரிகிறது, தலை கனக்கிறது, உடம்பு முழுக்கத் தூக்கம் நிற்கிறது. ஆனால் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. நேற்றும் இப்படித்தான், அதற்கு முந்தின நாளும் இப்படித்தான்.

எழுந்து போனை எடுத்தாள். மெமரி ஃபோம் மெத்தையில் வேர்க்காமல் தூங்குவது எப்படி என்று தேடியதில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு எட்டு வழி சொன்னாள். ஏசியை இருபத்திரண்டில் வையுங்கள். மூங்கில் நூல் விரிப்பு வாங்குங்கள். ஜெல் விரிப்பு வாங்குங்கள். படுப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். விளாங்குடியில் மே மாதம் குழாயைத் திறந்தாலே அந்த நீர்தான் வரும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிய நியாயமில்லை. உங்கள் மெத்தை மூச்சுவிட இடம் கொடுங்கள் என்று ஆறாவது வழி வந்தபோது, எனக்கே மூச்சுக்கு வழியைக் காணோம் என்று போனைக் கவிழ்த்துப் போட்டாள்.

பிறகு தனக்குத் தெரிந்த வழிகளைப் பார்த்தாள். கோரைப்பாயை மெத்தை மேல் விரித்தாள். நடுவில் அமுங்கி, இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு, முதுகில் வரி வரியாகத் தடம் பதிந்ததுதான் மிச்சம். ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் துண்டில் சுற்றிக் கழுத்துக்கடியில் வைத்தாள். கால் மணி நேரத்தில் பாட்டிலுக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவிலுள்ள சந்தில் வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். அங்கே திரும்ப முடியாது, தோள் இரண்டு பக்கமும் இடித்தது. அரைத் தூக்கத்தில் புரண்டு பீரோ கைப்பிடியில் நெற்றியை மோதிக்கொண்டு எழுந்தபோது மணி பன்னிரண்டரை. இன்னும் ஆறரை மணி நேரம்தான். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் இன்னும் வேர்க்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

கடைசியில், பழைய காட்டன் சேலை ஒன்றை வாளியில் முக்கி, அரைகுறையாகப் பிழிந்து, மெத்தை மேல் விரித்து அதன் மேல் விழுந்தாள். ஆகா என்றிருந்தது. சில்லென்று முதுகெல்லாம் ஏறியது. மாதாவே என்று கண்ணை மூடினாள். ஐந்து நிமிஷம், அதிகம் போனால் ஏழு நிமிஷம். பிறகு சேலை சூடாகத் தொடங்கியது. இட்லித் துணியில் மாவைப் போல் அவள் அதன் மேல் வெந்துகொண்டு கிடந்தாள். வார்டில் மணி அடிக்கிற மாதிரி கேட்டது. ராமக்காளின் கை தெரிந்தது. ஊசி அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது, எத்தனையாவது ஊசி என்று அவளுக்குத் தெரியவில்லை. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். தூங்கியது பத்து நிமிஷம்கூட இராது.

அப்போதுதான் கவனித்தாள். இடுப்பு அமுங்கியிருந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. குளித்துவிட்டு எழுந்த மாதிரி நைட்டியிலிருந்து சொட்டியது. சேலையிலிருந்து இறங்கிய தண்ணீர் மெத்தைக்குள் போகவே இல்லை. பஞ்சானாலும் ஃபோமானாலும் தண்ணீரை உறிஞ்சத்தானே செய்யும்? விரலால் அழுத்தினாள். உள்ளே சரசரவென்று மெல்லிய சத்தம். அந்தச் சத்தத்தை அவள் நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். விலை கூடின மெத்தை என்றால் அப்படித்தான் சத்தம் போடும் போல என்று விட்டிருந்தாள்.

கால்மாட்டில் மெத்தை உறையின் ஜிப் இருந்தது. அதைத் தேடிப் பிடித்து இழுத்தாள். வெள்ளைத் துணி உறைக்குள்ளே, இறுக்கமாக, பளபளவென்று, தடிமனான பிளாஸ்டிக். மெத்தை முழுக்க. மூலைக்கு மூலை டேப் ஒட்டி.

அந்த வீட்டில் டிவி ரிமோட் பாலித்தீன் கவருக்குள் இருக்கும். ஸ்டீபனின் பைக் சீட்டில் வாங்கின அன்று இருந்த கவர் இன்னும் இருக்கும். சோபாவில் யாராவது உட்கார்ந்தால் பிளாஸ்டிக் முனகும். எல்லாம் சூசையம்மாளின் ஏற்பாடு. பெர்சிக்கு ஆறு நாள் தூக்கமும் ஒன்றாகச் சேர்ந்து உச்சந்தலைக்கு ஏறியது. ஈர நைட்டியோடு அப்படியே ஹாலுக்குப் போனாள்.

"மெத்தைக்குப் பிளாஸ்டிக் போட்டது யாரு அத்தை?"

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சூசையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "மெதுவாப் பேசுத்தா. கீழ்வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். நாலு மாசமா நான் அதுக்கு மேல வெந்து சாகுறேன். மெத்த புதுசாவே இருக்கணும், அதுல படுக்குறவ எக்கேடு கெட்டா என்ன, அப்படித்தான? நான் ராத்திரி ஊசி போடுற ஆளு அத்தை. தூக்கமில்லாமப் போயி முந்தாநாள் ஒரு உசுரக் கொன்னுருப்பேன். தெரியுமா உங்களுக்கு? போட்ட ஊசியவே திரும்பப் போடப் போனேன். அந்தம்மா மருமக முழிச்சிருக்கக் கண்டு தப்பிச்சேன். இல்லன்னா இன்னைக்கு நான் ஜெயில்ல இருப்பேன்."

மூன்று நாளாக யாரிடமும் சொல்லாததைக் கீரைக் காம்புகளுக்கு நடுவில் கொட்டிவிட்டு அவள் மூச்சு வாங்கினாள். சூசையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மருமகளைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போனாள். கட்டிலின் கால்மாட்டில் மறு மூலைப் பக்கம் குனிந்து, மெத்தையின் மூலையைக் கொஞ்சம் தூக்கி, துணி உறையை ஒதுக்கிக் காட்டினாள்.

"இங்கன பாரு."

பிளாஸ்டிக்கின் மூலை நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற மாதிரி முக்கோணமாக மடித்து உள்ளே செருகியிருந்தது. அதன் மேல் ஒரு லேபிள். நீலக் கோடு போட்ட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டில் ஒட்டுகிற லேபிள். சாய்வான கையெழுத்து. பெயர்: ச. பெர்சி. பொருள்: மெத்தை. தேதி: 11 ஜனவரி.

அந்தக் கையெழுத்தை அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஜூன் மாதம் பிறந்தால் சவரியப்பன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். பிரவுன் தாள், அதன் மேல் பிளாஸ்டிக், மூலைக்கு மூலை முக்கோணம், கடைசியில் லேபிள். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் அவளுடைய எந்தப் புத்தகமும் ஓரம் மடங்கினதில்லை. வருஷக் கடைசியில் அட்டையைப் பிரித்தால் கடையில் வாங்கின அன்று இருந்த மாதிரியே இருக்கும். அதில் அவளுக்கும் பெருமைதான்.

"கல்யாணத்துக்கு மொத நாளு வந்தாரு," என்றாள் சூசையம்மாள். "கத்திரி, டேப்பு, ரோலு ரோலா பிளாஸ்டிக்கு எல்லாம் பையில கொண்டாந்தாரு. இந்தச் சந்துல உக்காந்து மூணு மணி நேரம் ஒட்டுனாரு மனுசன். காப்பி கொண்டாந்து வச்சா அது ஆறிப் போச்சு. போகும்போது கையெடுத்துக் கும்புட்டு, இதப் பிரிச்சிராதீங்கம்மா, எம்பொண்ணுக்குப் பத்து வருசத்துக்குப் புதுசாவே இருக்கணும்னாரு. சம்பந்தி சொன்னத நான் எப்படித்தா பிரிப்பேன்?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அத்தை."

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். அதுவும் போக, வாராவாரம் அவரு கேக்குறாரு, நீயும் நல்லாருக்குப்பாங்குற. நல்லாருக்குன்னே நெனச்சுட்டேன்."

பெர்சி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கோபப்பட இனி ஆள் இல்லை. அப்பா மேல் கோபம் வரவில்லை. அவர் மேல் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சம்மணமிட்டு இந்தச் சந்தில் உட்கார்ந்து மூலை மடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே அந்த லேபிளை விரலால் தடவினாள். அவர் அவ்வளவு பிரியத்தோடு செய்த காரியம் அவளை நாலு மாதமாக அவித்திருக்கிறது. அவளும் வாராவாரம் நல்லாருக்குப்பா என்று சொல்லி அதற்கு முட்டுக்கொடுத்திருக்கிறாள்.

"அழுவுறதுக்கு நேரமில்ல. எந்திரி," என்றாள் சூசையம்மாள். "மணி ஒண்ணரை. கத்திரிய எடு."

இரண்டு பேருமாகத் துணி உறையை உருவினார்கள். அந்தச் சந்தில் நின்று எட்டு அங்குல மெத்தையைப் புரட்டுவது லேசில்லை. ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் சரிந்து ஆளை அமுக்கியது. சூசையம்மாள் ஒரு தடவை அதற்கடியில் மாட்டிக்கொண்டு, "யேசுவே" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள். டேப்பை அறுத்துப் பிளாஸ்டிக்கை இழுத்தபோது அடைபட்டுக் கிடந்த புழுங்கல் நாற்றம் முகத்தில் அடித்தது. அடியில் ஃபோம் வெதுவெதுவென்று இருந்தது. பெர்சி லேபிள் இருந்த மூலையை மட்டும் வெட்டாமல் தனியாக உருவினாள். சூசையம்மாள் மொத்தத்தையும் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் செருகினாள். "ஞாயித்துக்கெழம நீயே சொல்லு அவருகிட்ட. நான் சொன்னா நல்லாருக்காது."

வெறும் மெத்தையில் ஒரு காய்ந்த காட்டன் விரிப்பு மட்டும். கரண்ட் இன்னும் வரவில்லை. பெர்சி படுத்தாள். குளிரவில்லை, மெமரி ஃபோம் எந்தக் காலத்திலும் குளிராது. ஆனால் முதுகு நனையவில்லை. அமுங்கின பள்ளத்திலிருந்து சூடு எங்கோ வழி கண்டு இறங்கிப் போனது தெரிந்தது. வாசலில் கேட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. யாரிடமோ சூசையம்மாள், "ஊருக்குப் போயிட்டாக எல்லாரும், அப்புறம் வாங்க" என்று கூசாமல் பொய் சொன்னது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு மாமியார் வந்து தோளைத் தொட்டு எழுப்பினாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நாலு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் குறைவு. பெர்சிக்கு முதலில் இன்று என்ன கிழமை என்று தோன்றியது, உடனே வியாழக்கிழமை என்றும் தோன்றியது. இந்த ஆறு நாளில் இப்படிக் கேட்டதும் பதில் வந்தது இதுதான் முதல் தடவை.

எட்டு மணிக்கு வார்டில் சார்ஜ் எடுத்தாள். மருந்து ஒவ்வொன்றையும் பெயர் வாசித்து, கட்டில் நம்பர் பார்த்து, கொடுத்த நேரத்தை அப்போதே எழுதிக்கொண்டு போனாள். கை சொன்னபடி கேட்டது. தப்பித்தேன் மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஏழாம் நம்பருக்கு வந்தாள்.

பாண்டிச்செல்வி எழுந்து நின்றாள். "அத்த பகலெல்லாம் ஒரே அனத்தல் சிஸ்டர். நானும் ஆறு நாளாக் கண்ணு மூடல. அந்த ஊசிய இன்னைக்கு வெள்ளனாவே போட்டு விட்டுருங்களேன்."

பெர்சி கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். ஐந்து ராத்திரிக்கும் அவள் கையெழுத்துத்தான். நோயாளி நிலைகொள்ளவில்லை, ஊசி போடப்பட்டது. நிலைகொள்ளவில்லை, ஊசி போடப்பட்டது. தட்டில் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலருகே குனிந்தாள். ராமக்காள் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

"சுடுது தாயி," என்றாள். "கீழ சுடுது."

ஆறு நாளாகக் கேட்ட அதே வார்த்தை. பெர்சியின் முதுகுக்கு அது இன்றைக்குத்தான் புரிந்தது. தட்டைக் கீழே வைத்தாள். ராமக்காளின் இடுப்புக்குக் கீழே, விரிப்புக்கு அடியில் கையை விட்டாள். சரசரத்தது.

ரப்பர் ஷீட். முதல் ராத்திரி அவளேதான் போட்டது. அன்று ராமக்காள் படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். மெத்தையெல்லாம் இந்த மாசம்தான் புதுசா வந்திருக்கு, பாழாக்கிராதீங்க என்று வார்டு இன்சார்ஜ் கறாராகச் சொல்லியிருந்தார். பெர்சி ரப்பர் ஷீட்டை இரண்டாக மடித்து, நாலு பக்கமும் இழுத்து, மூலைகளை முக்கோணமாக மடித்துச் செருகினாள். அவள் விரித்தால் ஒரு சுருக்கம் இருக்காது என்று இன்சார்ஜே பாராட்டினார். அதை நாளுக்கு நாள் எடுத்து மாற்ற வேண்டும், இரண்டு மணிக்கொரு தடவை ஆளைத் திருப்பிவிட வேண்டும் என்பதெல்லாம் படித்ததுதான். இருபத்திரண்டு கட்டிலுக்கு ஒரு ஆள் என்று அதுவும் போய்விட்டது. பகலில் வருகிறவர்களும் மேலே போட்ட விரிப்பைத்தான் மாற்றினார்கள்.

"அக்கா, ஒரு கை பிடிங்க," என்றாள். இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்து, ஆபரேஷன் பண்ணின பக்கம் அசங்காமல், இருவரும் ராமக்காளை மெதுவாக ஒரு பக்கமாகத் திருப்பினார்கள். சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்தெடுக்க வேண்டியிருந்தது. முதுகு முழுக்க வேர்க்குரு வெடித்துச் சிவந்து கிடந்தது. இடுப்புக்குக் கீழே, எலும்பு மெத்தையில் அழுந்துகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது.

பாண்டிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது எப்படி சிஸ்டர் வந்துச்சு?"

வயசான உடம்பு, சர்க்கரை வேறு, படுத்தே கிடந்தால் இப்படி வரும். இதைச் சொல்லிவிட்டால் போதும். வார்டில் எல்லாரும் சொல்வது அதுதான். பாண்டிச்செல்வியும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள்.

"நான் போட்ட ஷீட்டுக்கா," என்றாள் பெர்சி. "ஆறு நாளா அவுங்க சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. நான் ஊசி போட்டு ஊசி போட்டு வாய அடைச்சுட்டேன். முந்தாநாள் நீங்க தடுத்தீங்கள்ல, அது வேற ஊசி இல்ல. அதே ஊசிதான்."

பாண்டிச்செல்வி அவளையே பார்த்தாள். மாமியாரின் முந்தானையை எடுத்து முதுகில் இருந்த வேர்வையை ஒற்றி எடுக்கத் தொடங்கினாள்.

பெர்சி புண்ணைக் கழுவி மருந்து வைத்தாள். ரப்பர் ஷீட்டை உருவி எறிந்துவிட்டு, காய்ந்த பருத்தி விரிப்பை இரண்டாக மடித்துப் போட்டு, புண் மெத்தையில் படாமல் ராமக்காளைச் சாய்த்துப் படுக்க வைத்தாள். அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "இப்பத் தேவலை" என்றாள். "இதத்தான தாயி அம்புட்டு நாளாச் சொன்னேன்" என்றும் சொன்னாள். அதில் கோபம் இல்லை. பத்து நிமிஷத்தில் ஊசி இல்லாமலே தூங்கிவிட்டாள்.

பெர்சி கேஸ் ஷீட்டில் புண்ணின் இடமும் அளவும் எழுதினாள். காரணம் என்ற இடத்தில், மடித்துப் போட்ட ரப்பர் ஷீட், திருப்பிவிடாதது என்று எழுதினாள். அதற்குக் கீழே தேதி, நேரம், தன் பெயர். காலையில் சூப்பரின்டெண்ட் அறை வாசலில் நின்று சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.

பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து வார்டைப் பார்த்தாள். ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு வரிசையிலும் கட்டில்கள். எல்லாம் இந்த மாதம் வந்த புது மெத்தைகள். பாதிக்கு மேல் அவள் விரித்தவைதான், எதிலும் ஒரு சுருக்கம் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. அவள் எட்டாம் நம்பர் கட்டிலுக்குப் போய், குனிந்து, முதுகுக்கடியில் கையை விட்டாள்.